புண்ணை ஆற்றும் மீன் தோல்

கோடைக் காலத்தில் கூரைக் கொட்டகைகள் தீப்பிடிப்பது கிராமங்களில் புதிதல்ல. அணைத்து முடிப்பதற்குள் கட்டுத்தறியில் இருந்த மாட்டுக்கு முதுகும் மடியும் வெந்து போகின்றன. உடனே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் முட்டையை உடைத்து வெள்ளைக் கருவைத் தடவச் சொல்வார். இன்னொருவர் சாணத்தைக் கரைத்துப் பூசச் சொல்வார். அடுப்பில் கை சுட்டுக் கொண்ட குழந்தைக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது.

முட்டை வெள்ளைக் கரு ஒரு புரதம். பிராணிகளிடமிருந்து கிடைக்கும் புரதத்தைப் புண்ணின் மேல் வைத்து ஆற்றலாம் என்ற எண்ணம் தவறானதல்ல. இன்று உலகின் பல பாகங்களில் மீன் தோல், மாட்டுத் தோல், பட்டுக் கூடு ஆகியவற்றின் புரதங்களைக் கொண்டு டாக்டர்கள் புண்களை ஆற்றி வருகிறார்கள். ஆனால் அந்தப் புரதம் எந்த நிலையில் புண்ணின் மேல் வைக்கப்படுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கிறது. இதை அறிந்து கொண்டால் ஒரு மாட்டையும், சில சமயம் ஒரு குழந்தையையும் காப்பாற்றலாம்.

புண் ஆறும் விதம்

காயம் பட்டவுடன் முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்த சில நாட்கள் அந்த இடம் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும். இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அங்கே கூடிக் கிருமிகளையும் செத்த சதையையும் அகற்றும் காலம் இது. வயலில் நடவுக்கு முன் களை எடுத்துச் சுத்தம் செய்வதைப் போன்றது இந்த வேலை.

அதன் பிறகுதான் புதுச் சதை வளரத் தொடங்குகிறது. சிவப்பாக, மணி மணியாகப் புண்ணில் தெரிவது இந்தப் புதுச் சதையே. இது வளர ஒரு பிடிமானம் வேண்டும். அவரைக் கொடிக்குப் பந்தல் எப்படியோ அப்படி, புதிய உயிரணுக்கள் பற்றிப் படர ஒரு நார்ப் பந்தல் தேவைப்படுகிறது. அந்தப் பந்தலுக்கான நாரை உடம்பே செய்து கொள்கிறது. அந்த நாரின் பெயர் கொலாஜன்.

பந்தல் அமைந்த பின் ஓரங்களிலிருந்து மேல் தோல் நகர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. மூடிய பிறகும் உள்ளே நார்கள் இறுகிப் பலப்படுகின்றன. இதற்கு மாதக் கணக்கில் ஆகும். நுகத்தடிப் புண் ஆறியது போல் தோன்றியவுடன் மாட்டை மறுபடி ஏரில் பூட்டினால் அதே இடம் மீண்டும் கிழிவது இதனால்தான்.

வச்சிரமும் ஆட்டுக்கால் ரசமும்

கொலாஜன் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழகியதே. ஆட்டுக்காலை நெடுநேரம் வேகவைத்து ஆறவிட்டால் ரசம் பசை போல உறைந்து விடுகிறதல்லவா? எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் வெந்து கரைந்ததால் வந்த பசை அது. தச்சர்கள் மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சும் வச்சிரமும், மருந்துக் குளிகைகளின் மேலுறையான ஜெலட்டினும் இதே வகைதான். செருப்பும் பையும் செய்யும் பதனிட்ட தோல் முழுவதும் கொலாஜன் நாரே. பிராணிகளின் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இந்த நார் எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜி.என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954-ம் ஆண்டு அதன் அமைப்பை 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருப்பதே கொலாஜன் என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் ஊரில் மூன்று புரி சேர்த்துத் திரிக்கும் கயிற்றை நினைத்துக் கொண்டால் போதும். அந்த முறுக்கினால்தான் தோலுக்கு அத்தனை பலம்.

மாட்டுக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் இந்த நாரின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே ஒரு பிராணியின் கொலாஜனைச் சுத்தம் செய்து இன்னொரு பிராணியின் புண்ணில் வைத்தால், உடம்பு அதை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. தற்காலிகப் பந்தலாக ஏற்றுக் கொண்டு, அதைப் பற்றிப் புதுச் சதையை வளர்க்கிறது. பிறகு சிறிது சிறிதாக அதைக் கரைத்து விட்டுத் தன் சொந்த நாரை அந்த இடத்தில் வைத்துக் கொள்கிறது. கொலாஜனைக் கொண்டு செய்யும் மருந்துப் படலங்கள் யாவும் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

பிரேசில் நாட்டில் ஜிலேபி மீன்

நம் ஏரிகளிலும் குளங்களிலும் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையை எல்லோரும் அறிவார்கள். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா இனத்து மீன் அது. 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இதன் நெருங்கிய இனமான நைல் திலாப்பியாவைத் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டில் ஏராளமாக வளர்க்கிறார்கள். சதையை விற்ற பின் தோல் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போய்க் கொண்டிருந்தது.

பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலத்தின் தலைநகர் போர்ட்டலேசா. அங்கே தீப்புண் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. தீப்புண்ணுக்கு மனிதத் தோலையோ பன்றித் தோலையோ தற்காலிகமாக மூடி வைப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் பிரேசிலில் தோல் வங்கிகள் மிகச் சில. ஆகவே வெள்ளி கலந்த களிம்பைத் தடவித் துணிக் கட்டுப் போட்டு வந்தார்கள். அந்தக் கட்டை அடிக்கடி அவிழ்த்துப் புண்ணைக் கழுவி மறுபடி கட்ட வேண்டும். துணியை உரிக்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி வலி தாங்காமல் துடிப்பார்.

குப்பைக்குப் போகும் மீன் தோலை இதற்குப் பயன்படுத்தினால் என்ன என்று டாக்டர் எட்மார் மாசியேல் முதலானோர் ஆராய்ந்தார்கள். சியாரா கூட்டரசுப் பல்கலைக் கழகத்தில் சோதனைகள் நடைபெற்றன. திலாப்பியாத் தோலில் கொலாஜன் மிகுதி, ஈரப்பசையும் அதிகம், இழுத்தாலும் எளிதில் கிழியாது என்று தெரிய வந்தது. 2016, 2017-ம் ஆண்டுகளில் மனிதர்களுக்கு அதை வைத்துச் செய்த சிகிச்சை உலகின் கவனத்தைக் கவர்ந்தது.

மேலோட்டமான இரண்டாம் நிலைத் தீப்புண்ணில், அதாவது கொப்புளம் கிளம்பித் தோல் உரியும் அளவிலான புண்ணில், மீன் தோலை வைத்து மேலே கட்டி விடுகிறார்கள். அது புண்ணோடு ஒட்டிக் கொள்கிறது. பத்து நாட்கள் போல அப்படியே இருக்கும். கீழே புதுத் தோல் வந்தவுடன் மீன் தோல் காய்ந்து கழன்று விடும். களிம்பு வைத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது புண் ஆறும் நாட்கள் சற்றே குறைந்தன. ஆனால் பெரிய பயன் அதுவல்ல. கட்டு மாற்றும் தடவைகள் குறைந்தன, வலி குறைந்தது, மருந்துச் செலவும் குறைந்தது.

கரடிகளுக்கு நடந்த வைத்தியம்

மனிதனுக்கு உதவிய இந்தச் சிகிச்சை விரைவில் விலங்குகளுக்கும் வந்தது. 2017-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெரும் காட்டுத் தீ மூண்டது. அதில் பாதங்கள் வெந்து நடக்க முடியாமல் கிடந்த இரண்டு கரடிகளும், மலைச் சிங்கம் எனப்படும் பூமாவின் குட்டி ஒன்றும் மீட்கப்பட்டன.

காட்டு விலங்குக்கு வைத்தியம் செய்வது எளிதல்ல. ஒவ்வொரு முறை கட்டு மாற்றவும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். வாயால் மாத்திரை கொடுக்க முடியாது. துணிக் கட்டுப் போட்டால் கடித்துத் தின்று விடும்; துணி குடலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். நம் வீட்டு மாடும் நாயும் கட்டை நக்கி அவிழ்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் ஜேமி பெய்ட்டன், பிரேசிலில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். அவரும் மாநில வனவிலங்குத் துறை மருத்துவர்களும் மீன் கடையிலிருந்து திலாப்பியாத் தோலை வாங்கி, கிருமி நீக்கிப் பதப்படுத்தினார்கள். பாதத்தின் அளவுக்கு வெட்டி, வெந்த பாதத்தின் மேல் வைத்துத் தைத்தார்கள். அதற்கு மேல் அரிசித் தாளையும் மக்காச்சோளக் கதிரின் மட்டையையும் சுற்றிக் கட்டினார்கள். கரடி கடித்துத் தின்றாலும் கெடுதி இல்லாத கட்டு இது.

அதுவரை கால் ஊன்றாமல் படுத்தே கிடந்த ஒரு கரடி சிகிச்சைக்குப் பின் எழுந்து நின்றது. மாதக் கணக்கில் ஆகும் என்று எதிர்பார்த்த புண்களில் சில வாரங்களிலேயே புதுத் தோல் தெரிந்தது. கரடிகளில் ஒன்று சினையாகவும் இருந்தது. 2018-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டு கரடிகளும் காட்டில் விடப்பட்டன. தாயைப் பிரிந்த பூமாக் குட்டி காட்டில் தனியே பிழைக்க முடியாத வயதில் இருந்ததால் அதை மட்டும் காப்பகத்தில் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள்.

மாடும் பட்டுப் புழுவும்

பிராணிப் புரதத்தை வைத்தியத்தில் பயன்படுத்துவது முற்றிலும் புதியதல்ல. கால்நடை மருந்தகத்தில் மாட்டின் காயத்தைத் தைக்கும்போது, உள்தையலுக்கு 'கேட்கட்' என்ற நூலை டாக்டர் எடுப்பதைப் பார்த்திருக்கலாம். ஆடு, மாடுகளின் குடல் சவ்வைத் திரித்துச் செய்த கொலாஜன் நூல் அது. பிரித்து எடுக்க வேண்டியதில்லை. உடம்பே கரைத்து விடும். சீக்கிரம் கரையாதிருக்க அதைக் குரோம் உப்பில் பதப்படுத்துவதும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலையில் நடக்கும் அதே வித்தைதான் இதுவும்.

சென்னை அடையாற்றில் 1948-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், தோலின் கொலாஜனைப் பிரித்துப் புண்களுக்கு வைக்கும் மெல்லிய படலமாகச் செய்யும் ஆராய்ச்சி நடைபெற்று வந்திருக்கிறது. இத்தகைய கொலாஜன் படலங்களும் பொடியும் இன்று மருத்துவமனைகளில் தீப்புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் பயன்படுகின்றன.

பட்டு நூலில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே இழையாக இருப்பது பைப்ரோயின். அதைச் சுற்றிப் பசையாக ஒட்டியிருப்பது செரிசின். கூட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தப் பசை. நூலைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பளபளப்பு ஏற்றும்போது பசை முழுவதும் கழிவு நீரோடு போய் விடுகிறது. அதைப் பிரித்தெடுத்துப் புண்ணுக்கான களிம்பும் படலமும் செய்யும் ஆராய்ச்சிகள் தாய்லாந்து முதலிய பட்டு விளையும் நாடுகளில் நடந்துள்ளன.

அப்படியே வைத்தால் ஆபத்து

இதையெல்லாம் படித்து விட்டு, குளத்தில் பிடித்த ஜிலேபி மீனின் தோலை உரித்து மாட்டின் புண்ணில் வைக்கலாமா? கூடவே கூடாது. இக்கட்டுரையில் முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.

பிரேசிலில் மீன் தோலை அப்படியே வைக்கவில்லை. முதலில் செதிலும் சதையும் இல்லாமல் சுரண்டிக் கழுவுகிறார்கள். கிருமிநாசினியில் ஊறவைக்கிறார்கள். பிறகு கிளிசரினில் பல முறை பதப்படுத்துகிறார்கள். இதில் மீன் வாடையும் போய் விடுகிறது. கடைசியாகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி எஞ்சிய நுண்ணுயிர்களையும் கொல்கிறார்கள். கிருமி இல்லை என்று சோதனையில் தெரிந்த பின்பே அது நோயாளியிடம் போகிறது. இப்படிப் பதப்படுத்திய தோலைக் குளிர்ப் பெட்டியில் நெடுநாள் வைத்திருக்கலாம்.

குளத்து மீனின் பச்சைத் தோலிலோ எண்ணற்ற கிருமிகள் இருக்கும். வெந்த சதையில் அவற்றை வைத்துக் கட்டுவது, விதை நேர்த்தி செய்யாத நோய் விதையை நல்ல நாற்றங்காலில் தெளிப்பதற்குச் சமம். புண் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் ஏறும்.

முட்டை வெள்ளைக் கருவின் கதையும் இதுதான். கிருமிகளை அழிக்கும் லைசோசைம் என்ற புரதம் அதில் இருப்பது உண்மையே. ஆனால் பச்சை முட்டையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியும் இருக்கக் கூடும். தடவிய கரு காய்ந்து இறுகிப் புண்ணோடு ஒட்டிக் கொள்வதால், மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனை தனி. புண் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்கவும் முடியாது. சாணத்திலும் மண்ணிலும் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் வித்துக்கள் இருப்பதால், அவற்றைப் புண்ணில் பூசுவது உயிருக்கே உலை வைப்பதாகும்.

சுத்தம் செய்த புரதத்திலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பைத்தியப் பசு நோய் பரவிய பின், மாட்டுக் குடலிலிருந்து செய்த தையல் நூலை ஐரோப்பிய நாடுகள் 2001-ம் ஆண்டு வாக்கில் கைவிட்டன. மீன் தோலின் மீது ஆராய்ச்சியாளர்களின் கவனம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மாட்டின் நோய்கள் மீனில் இல்லை. மாடு, பன்றி என்ற மதத் தடைகளும் மீனுக்கு இல்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

எத்தனை உயர்ந்த புரதப் படலமானாலும் சுத்தமான புண்ணில்தான் வேலை செய்யும். அந்தச் சுத்தத்தைக் கால்நடை மருத்துவர் வருவதற்கு முன்பே விவசாயிகள் தாங்களே செய்து கொள்ளலாம்.

1. தீப்புண் என்றால் உடனே சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிடம் வரை தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. முட்டை, மை, பற்பசை, சாணம் எதுவும் தடவக் கூடாது. கொப்புளங்களை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். மனிதருக்கும் இதே முறைதான்.

2. தீ விபத்தில் சிக்கிய மாட்டுக்குப் புகையினால் நுரையீரலும் கெட்டிருக்கலாம். வெளியில் புண் சிறிதாக இருந்தாலும் இருமல், மூச்சு இரைப்பு உண்டா என்று சில நாள் கவனிக்க வேண்டும். குடிக்கத் தாராளமாகத் தண்ணீர் வைக்க வேண்டும்.

3. வெட்டுக் காயம், நுகத்தடிப் புண் ஆகியவற்றைச் சுற்றியுள்ள மயிரை முதலில் கத்தரித்து விட வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் சுமார் 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து, அந்த நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பின் போவிடோன் அயோடின் மருந்து போடலாம்.

4. ஈ மொய்க்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். புண்ணில் துளையும் கெட்ட வாடையும் இருந்தால் உள்ளே புழு இருக்கும். புழுவை எடுக்காமல் மேலே எதை வைத்துக் கட்டினாலும் பயனில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுக்க வேண்டும்.

5. புண் முழுதும் ஆறும் வரை எருதுக்கு ஓய்வு கொடுத்து, பசுந்தீவனமும் பிண்ணாக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உடம்பு தன் நாரைத் தானே நெய்வதற்குத் தீவனத்திலிருந்துதான் புரதம் கிடைக்க வேண்டும். மெலிந்த மாட்டின் புண் ஆறத் தாமதமாகும்.

6. ஆழமான காயம், மடியில் பட்ட காயம், உள்ளங்கையைவிடப் பெரிய தீப்புண் ஆகியவற்றுக்குக் கை வைத்தியம் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மனிதருக்குத் தீக்காயம் என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரணஜன்னித் தடுப்பு ஊசி பற்றியும் அங்கே கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆறாமல் இழுத்துக் கொண்டே போகும் புண்ணுக்குக் கொலாஜன் படலமோ பொடியோ பயன்படுமா என்று கால்நடை மருத்துவரைக் கேட்கலாம். எல்லாப் புண்ணுக்கும் அது தேவைப்படாது. தேவைப்படும் புண்ணை அவர்தான் சொல்ல முடியும்.

குப்பைக்குப் போன மீன் தோல் பிரேசிலில் மருந்தானது. நம் ஊர்களிலும் தோல், செதில், பட்டுப் பசை என்று எவ்வளவோ வீணாகின்றன. அவற்றைச் சுத்தம் செய்து மருந்தாக்கும் வேலை ஆராய்ச்சி நிலையங்களுடையது. கொட்டகையில் மாடு வெந்து நிற்கும்போது விவசாயி செய்ய வேண்டியது, முட்டையைத் தேடாமல் தண்ணீர்க் குடத்தை எடுப்பது.